விதைக்காமல் முளைத்தவை

மாரி மழை தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போனதும் உங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து தக்காளிக் கன்றுகள் நிற்கும். வாழையடியில் ஒரு பப்பாசி தலைகாட்டும். வேலியோரத்தில் ஒரு கொச்சிக்காய்க் கன்று. கோழிக்கூட்டுக்குப் பின்னால் பூசணிக்கொடி ஒன்று யாரையும் கேட்காமல் படர்ந்து கிடக்கும். இவற்றை யாரும் விதைக்கவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவுமில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது வளவு கூட்டும் வேலை என்னுடையது. ஈர்க்கில் விளக்குமாற்றோடு இப்படியான கன்றுகளையும் சேர்த்து இழுத்துவிடப் பார்ப்பேன். மூத்தம்மா திண்ணையில் இருந்தபடியே சத்தம் போடுவார்: "அதப் புடுங்காத மகள், என்னெண்டு பாப்பம்!"

என்னவென்று பார்ப்பதற்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில்தான் கன்று தன் முகத்தைக் காட்டும். சில கன்றுகள் நமக்கு ஒரு வருடத்துக்குக் காய் தரும். சிலவற்றை அன்றைக்கே வேரோடு எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு, அறியாமல் சமைத்து உண்டால் உயிருக்கே கேடு செய்யும். எது எது என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

யார் விதைத்தார்?

தானாக முளைத்தது என்று நாம் சொன்னாலும், ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு விதை உண்டு. அந்த விதையைக் கொண்டுவந்து போட்ட ஒருவரும் உண்டு. பெரும்பாலும் அது நாமேதான். மீன் கழுவிய தண்ணீரையும் காய்கறி வெட்டிய கழிவையும் வாழையடியில் கொட்டுகிறோம். அழுகிய தக்காளியைக் கோழிக்குப் போடுகிறோம். பப்பாசிப் பழத்தை வெட்டி, கறுத்த விதைகளைக் கையால் வழித்து வேலிப்பக்கம் எறிகிறோம். நோன்பு திறந்து பேரீச்சங்கொட்டையை ஜன்னலால் வீசுகிறோம். விதைத்தவர் நாம், விதைத்தோம் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆள் பறவை. வேலிக் கம்பியின் கீழும், மின்சாரக் கம்பியின் கீழும், முருங்கைக் கிளையின் கீழும் வேம்பும் கொச்சிக்காயும் வரிசையாக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை உட்காரும் இடம் அது. கொச்சிக்காயின் கதை இதில் சுவையானது. நம் நாக்கை எரிக்கும் கெப்சைசின் என்ற பொருளின் எரிவைப் பறவைகள் உணர்வதில்லை. எலி போன்ற பிராணிகள் நம்மைப் போலவே அதை உணர்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்துச் செய்து 2001 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டியது. எலிகளுக்குக் காரமில்லாத மிளகாயைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை விதைகளைக் கடித்து நொறுக்கிவிட்டதால் எச்சத்தில் வந்த எதுவும் முளைக்கவில்லை. பறவையின் வயிற்றைக் கடந்த விதைகளோ முளைத்தன. காரம் என்பது விதையை அழிப்பவரைத் துரத்தி, விதையைப் பரப்புபவரை விருந்துக்கு அழைக்கும் ஏற்பாடு. சிவந்து பழுத்த கொச்சிக்காயைக் கொத்திப்போன மைனா உங்கள் வேலியில் வந்து இருந்தது என்றால், அங்கே ஒரு கன்று முளைப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, நாம் விலை கொடுத்து வாங்கும் பசளையும் மண்ணும். ஆட்டுப் புழுக்கையிலும் மாட்டெருவிலும் அந்தக் கால்நடை மேய்ந்த இடத்துப் புல்விதைகள் எல்லாம் இருக்கும். பூக்கன்று வாங்கினால் பையிலிருக்கும் மண்ணோடு வேறு ஊர் விதைகளும் வரும். இவற்றோடு காற்று, எறும்பு, வௌவால், ஆட்டின் உரோமம், நமது செருப்பில் ஒட்டிய சேறு ஆகியவையும் விதை சுமக்கும். சார்ள்ஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் ஒரு சிறு பரிசோதனையைச் சொல்கிறார். குளக்கரைச் சேற்றில் மூன்று மேசைக்கரண்டி அளவு எடுத்து, தமது அறையில் மூடி வைத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். ஆறு மாதத்தில் 537 கன்றுகள்! ஒரு கோப்பைச் சேற்றில் இத்தனை என்றால், குளத்தில் இறங்கி எழும் கொக்கின் காலில் எத்தனை ஒட்டியிருக்கும் என்பதே அவரது கேள்வி.

இத்தனை நாள் எங்கே இருந்தது?

விதை வந்த அன்றே முளைப்பதில்லை. சித்திரையில் எறிந்த தக்காளி விதை ஐப்பசியில் ஏன் முளைக்கிறது?

தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு சவ்வு இருக்கும். பப்பாசி விதையைச் சுற்றியும் அப்படித்தான். பழத்துக்குள் ஈரமும் சூடும் இருந்தும் விதை அங்கேயே முளைத்துவிடாமல் இருப்பதற்கு அந்தச் சவ்விலும் சாற்றிலும் உள்ள பொருட்கள் உதவுகின்றன. மண்ணில் கிடந்து சவ்வு அழுகி, மழைநீர் அதைக் கழுவிச் சென்ற பிறகே விதை விழிக்கும். விதைக்குத் தக்காளி எடுப்பவர்கள் அதை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவுவதும், பப்பாசி விதையைச் சாம்பலோடு தேய்த்துக் கழுவுவதும் இதனால்தான். குப்பைமேடு அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது.

நமது கரையோர மணல் மண் கச்சான் காற்றுக் காலத்தில் மேலே இரண்டு மூன்று அங்குலம் சுட்டுக் காய்ந்துபோகும். அந்த மண்ணில் விதை செத்துப்போவதில்லை, காத்திருக்கிறது. மாரி மழை ஈரத்தையும் குளிர்ச்சியையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. கோடையிலும் கிணற்றடி மட்டும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அங்கே நாளெல்லாம் ஈரம் இருப்பதுதான்.

சில விதைகளுக்கு ஈரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். கீரை விதை போன்ற மிகச் சிறிய விதைகளில் இது அதிகம். ஆழத்தில் கிடக்கும் சிறு விதை முளைத்தால் மேலே வருவதற்குள் அதன் உணவு தீர்ந்துவிடும். எனவே வெளிச்சம் படும்வரை அது உறங்குகிறது. வாழைக்குக் குழி வெட்டிய இடத்திலும், அத்திவாரம் தோண்டிக் கொட்டிய மண்ணிலும் திடீரென்று குப்பைக்கீரை காடாக முளைப்பது இதனால்தான். புதிதாக வந்த விதையல்ல. பல வருடங்களாகக் கீழே கிடந்த விதை.

எத்தனை வருடம் கிடக்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற பேராசிரியர் இதை அறிவதற்காக 1879 இல் 20 போத்தல்களை மண்ணில் புதைத்தார். ஒவ்வொன்றிலும் மணலோடு 21 வகைச் செடிகளின் விதைகள், வகைக்கு 50 வீதம். குறித்த காலத்துக்கு ஒரு போத்தலாகத் தோண்டி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீல் மறைந்தார்; அவருக்குப் பின் வந்தவர்களும் மறைந்தார்கள்; பரிசோதனை மட்டும் கைமாறிக் கைமாறி இன்றும் நடக்கிறது. 2021 இல் எடுத்த போத்தலை, விதைகளில் வெளிச்சம் படாதிருக்க இரவில் தோண்டினார்கள். 142 வருடங்கள் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் ஒரு வகைக் களைச்செடி அப்போதும் முளைத்தது. அடுத்த போத்தல் 2040 இல். கடைசிப் போத்தல் 2100 இல்.

ஆகவே உங்கள் வளவில் இன்று முளைத்த கீரையின் தாய்ச்செடியை உங்கள் மூத்தம்மா பிடுங்கியிருக்கலாம்.

தாயைப் போல இருக்குமா?

"நல்ல இனிப்பான பப்பாசி, அதுட விதைதான் இது" என்று சொல்லி வளர்க்கிறோம். ஆறேழு மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்குகிறது, காய் இல்லை. ஆண் மரம். இதில் ஏமாற்றமடையாத வீடு நமதூரில் குறைவு.

பப்பாசியில் மூன்று விதமான மரங்கள் உண்டு. பெண் மரத்தின் பூ தண்டோடு ஒட்டி, அடி பருத்து நிற்கும். காய் உருண்டையாக இருக்கும். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே பூவில் உள்ள மரம் இன்னொன்று. அதன் காய் நீளமாக இருக்கும். சந்தையில் அதிகம் விற்பது இந்த நீளக் காய்தான். மூன்றாவது ஆண் மரம். நீளக் காய் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால் அதன் விதைகளில் ஆண் மரம் வராது. மூன்றில் இரண்டு பங்கு நீளக் காய் மரமும் ஒரு பங்கு பெண் மரமும் வரும். அயலில் ஆண் மரம் நின்று அதன் மகரந்தம் பட்டிருந்தால் அதன் பிள்ளைகளில் ஆணும் வரும். கன்றாக இருக்கும்போது வேறுபாடு தெரியாது. எனவே இரண்டு மூன்று கன்றுகள் சேர்ந்து முளைத்திருந்தால் எல்லாவற்றையும் பூக்கும்வரை விட்டு, பிறகு காய்க்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுவதே அறிவு. ஒரேயொரு கன்றை நம்பி எட்டு மாதம் காத்திருப்பது பரிசுச் சீட்டு வாங்குவது போன்றது.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். நாட்டுத் தக்காளியின் விதை தாயைப் போலவே காய்க்கும். ஆனால் கடையில் வாங்கும் தக்காளி பல வேளைகளில் கலப்பின வகை. இரண்டு வேறு வகைகளை ஒருமுறை கலந்து உண்டாக்கிய விதையில் வந்தது. அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் இரா. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், ஒன்று நோயைத் தாங்கியும் ஒன்று தாங்காமலும் வரும். உண்பதற்கு எந்தத் தடையுமில்லை. அதே காய் வரும் என்று எதிர்பார்க்கத்தான் கூடாது.

தேசிக்காயும் சில மா வகைகளும் விசித்திரமானவை. ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளைகள் எழும். அவற்றில் பல, மகரந்தத்தின் பங்கு இல்லாமல் தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. தாயின் நேர்நகல் அவை. ஒரு முளை மட்டும் விடும் மா வகைகளில் பிள்ளை எப்படி இருக்கும் என்று காய்க்கும்வரை யாரும் சொல்ல முடியாது.

பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையிலிருந்து வந்த கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண். பூக்கும்வரை, அதாவது பல வருடங்கள், அது தெரியவும் மாட்டாது. அரபு நாடுகளில் கொட்டையை நடாமல் தாய்மரத்தின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதற்கு இதுவே காரணம். காத்தான்குடி பிரதான வீதியில் பேரீச்சை நிற்பதையும் குலை தள்ளுவதையும் நாம் பார்க்கிறோம். எனவே நோன்புக்குப் பின் முளைக்கும் பேரீச்சைக் கன்றை வீணென்று சொல்ல மாட்டேன். பொறுமையும் இடமும் உள்ளவர்கள் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு மூதாட்டியின் குப்பைமேடு

பிள்ளை தாயைப் போல் இராது என்பது எப்போதும் நட்டமல்ல. கடையில் நீங்கள் பார்க்கும் பச்சை நிற அப்பிளின் பெயர் 'கிரானி ஸ்மித்'. 'ஸ்மித் மூத்தம்மா' என்று நாம் சொல்லலாம். அவர் உண்மையான பெண். மரியா ஆன் ஸ்மித். இங்கிலாந்தில் 1799 இல் பிறந்து, 1838 இல் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, சிட்னிக்கு அருகில் ஈஸ்ட்வூட் என்ற இடத்தில் பழத்தோட்டம் செய்தவர். சமையலுக்கு எடுத்த அப்பிளின் மிச்சத்தை ஓடைக்கரையில் கொட்டியிருக்கிறார். அங்கே ஒரு கன்று தானாக முளைத்தது. பிடுங்கி எறியாமல் வைத்துப் பார்த்தார். புளிப்பும் இனிப்பும் கலந்த, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், பல மாதங்கள் பழுதாகாமல் கிடக்கும் அப்பிள் அதில் காய்த்தது. 1868 இல் அயலில் இருந்த தோட்டக்காரர்களை அழைத்து அந்த மரத்தைக் காட்டினார். 1870 இல் அவர் இறந்துபோனார். தன் அப்பிள் உலகம் முழுவதும் போகும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த மரத்தின் விதையை நட்டால் அதே அப்பிள் வராது என்பதால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்கினார்கள். இன்று உலகில் நிற்கும் கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாம் குப்பையில் முளைத்த அந்த ஒரு மரத்திலிருந்து வெட்டிய கிளைகளின் வழிவந்தவை. அவர் செய்த ஆராய்ச்சி ஒன்றுதான்: பிடுங்காமல் பொறுத்திருந்து சுவைத்துப் பார்த்தது.

யாருக்குச் சொந்தம்?

அடுத்த வீட்டு மரத்தின் விதை நம் வளவில் விழுந்து முளைத்தால் அது யாருடையது? சிரிக்க வேண்டாம்; வேலிச் சண்டைகள் இதைவிடச் சிறிய விடயத்தில் தொடங்கியிருக்கின்றன. நமது மார்க்க அறிஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்ற நூலில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த விதை ஒருவரது நிலத்தில் முளைத்தால் என்ன செய்வது என்று பேசுகிறார்கள். பயிர் விதைக்கு உரியவருடையது. ஆனால் நிலத்துக்காரர் வேண்டாமென்றால் அதை அகற்றிக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கே என்பது அங்கே வலுவாகச் சொல்லப்படும் கருத்து. உரியவர் தேவையில்லை என்று கைவிட்டு எறிந்த விதையாயின் நிலை வேறு என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். தின்று எறிந்த பழக்கொட்டையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அது காய்த்தால் அடுத்த வீட்டுக்கு ஒன்று கொடுத்தனுப்புவது நம் பழக்கம். அதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

வைத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியைப் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டும்.

முதலாவது, கசக்கும் பூசணி, சுரை, வெள்ளரி. இந்தக் குடும்பத்தின் காட்டுச் செடிகளில் குக்கர்பிட்டசின் என்ற கடும் கசப்பு நஞ்சு உண்டு. பயிர்ச் செடிகளில் அது தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து நீக்கப்பட்டது. தானாக முளைத்த கொடி, அயலிலுள்ள காட்டு வகையின் அல்லது அலங்காரப் பூசணியின் மகரந்தம் பட்ட விதையிலிருந்து வந்ததாயின் அந்த நஞ்சு திரும்பி வரலாம். சமைத்தாலும் அது அழியாது. ஜேர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015 இல், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த இந்தக் குடும்பத்துக் காய் ஒன்றைக் கசப்பையும் பொருட்படுத்தாமல் உண்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். இந்தியாவிலும் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பாவற்காயின் கசப்பு வேறு. அது அதன் இயல்பு. ஆனால் கசக்கக்கூடாத காய் கசந்தால், சமைக்கும் முன் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, உடனே துப்பிவிட்டு, காயையும் கொடியையும் எறிந்துவிடுங்கள். "வீணாப் போகுதே" என்று கறியில் போட வேண்டாம்.

இரண்டாவது, ஊமத்தை. கன்றாக இருக்கும்போது கத்தரியைப் போலத் தோன்றும். இலையைக் கசக்கி மணந்தால் கெட்ட வாடை வீசும். கத்தரியில் அது இல்லை. பூ நீண்ட புனல் போலவும் காய் முள்ளுருண்டையாகவும் இருக்கும். எல்லாப் பாகமும் நஞ்சு. வேலியில் ஏறும் கார்த்திகைப்பூவின் கிழங்கும், சிவப்பும் கறுப்புமான குன்றிமணி விதையும் இதே வகை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இவை வேண்டாம்.

மூன்றாவது, பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. தொடக்கத்தில் கரட் இலை போன்ற இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரியும். பிறகு உயர்ந்து, சிறு வெண்பூக்கள் பூக்கும். இலங்கையில் இது 1999 இல் வவுனியாவில் பதிவானது. 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு செடி பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரும். தொட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு, மகரந்தத்தை முகர்ந்தால் தும்மலும் இழுப்பும் வரும். பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு எடுக்க வேண்டும்.

நான்காவது, சுவரிலும் கூரைத் தண்ணீர்ப் பீலியிலும் முளைக்கும் ஆல், அரசு. காகம் போட்ட விதை. பெருவிரல் பருமனாகும் முன் எடுக்காவிட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும்; வெட்டினாலும் மீண்டும் தளிர்க்கும்.

ஐந்தாவது, இலை சுருண்டு மஞ்சளான தக்காளி, கொச்சிக்காய்க் கன்றுகள். ஒரு போகத்தின் வைரசு நோயை அடுத்த போகத்துக்குச் சுமந்து செல்லும் பாலம் அவை. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும். வயலில் விதைக்காமல் முளைத்து, நெல்லைப் போலவே நின்று, அறுவடைக்கு முன் மணியை உதிர்த்துவிடும் களைநெல் நமது அம்பாறை மாவட்டத்தில்தான் 1990களில் இலங்கையில் முதலில் கவனிக்கப்பட்டது. ஒரு வருடம் பார்த்தும் பாராமல் விட்டதன் விலையை விவசாயிகள் இன்றும் கொடுக்கிறார்கள்.

கீரை பறிப்பவர்களுக்கு ஒரு சொல். மலக்குழிக்கும் அழுக்குத் தண்ணீர் வாய்க்காலுக்கும் அருகில் முளைத்த கீரையைச் சாப்பிட வேண்டாம். மற்ற இடத்துக் குப்பைக்கீரை நல்ல உணவு. பெயரில்தான் குப்பை, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் சோற்றுக்கு வேறு கறி தேட வேண்டியதில்லை.

வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால்

முதலில் வரும் இரண்டு இலைகளும் பெரும்பாலான செடிகளில் விதையிலைகள்; அவற்றை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது, நான்காவது இலை வரட்டும். ஒரு ஈர்க்கிலைப் பக்கத்தில் குத்தி வைத்தால் கூட்டுபவர் பிடுங்க மாட்டார். தக்காளியின் தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். இலையைத் தேய்த்தால் தக்காளி மணம் வரும். கொச்சிக்காய் இலை மழமழவென்று பளபளக்கும். பூசணியின் விதையிலை தடித்து, பெருவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

தக்காளியைத் தயங்காமல் பெயர்த்து நடலாம். தண்டின் பாதிவரை மண்ணுக்குள் போனாலும் நல்லது. புதைந்த தண்டிலும் வேர் விடும். கொச்சிக்காயும் கத்தரியும் பெயர்ப்பதைத் தாங்கும். பப்பாசியின் ஆணிவேர் அறுந்தால் கன்று தேறுவது கடினம். ஒரு சாண் உயரத்துக்குள், சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுக்க வேண்டும். நமது மணல் மண் கையில் நில்லாது உதிரும் என்பதால் முதல்நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு எடுங்கள். பூசணி, வெள்ளரிக் கொடிகளை முளைத்த இடத்திலேயே விட்டுவிடுவது மேல். எதை நட்டாலும் அஸர் தொழுகைக்குப் பின், வெயில் சாய்ந்த நேரத்தில் நட்டு, மூன்று நான்கு நாட்கள் வாழைமட்டையால் நிழல் கொடுங்கள்.

சுருங்கும் வளவு

2022 ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. விதைப் பைக்கற்றுக்கும் காசு தேவைப்பட்ட அந்த நாட்களில், தானாக முளைத்த பப்பாசியும் முருங்கையும் குப்பைக்கீரையும் பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருந்தன. அவை முளைப்பதற்கு மண் இருந்த வீடுகளில்.

ஏனென்றால் மண் குறைந்துகொண்டே வருகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் நமதூர் வழக்கத்தில், வாப்பாவின் வளவு இரண்டாகி, நான்காகி, இன்று ஆறேழு பேர்ச் துண்டுகளில் வந்து நிற்கிறது. அந்தத் துண்டிலும் வீடு போக மிஞ்சிய முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கிறோம். கூட்டுவதற்கு இலகுதான்; மழைக்காலத்தில் சேறும் இல்லை. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. கிணற்றுக்கும் அது போகாது. ஒரு கொச்சிக்காய் விதைக்குக்கூட அங்கே இடமில்லை. இதில் எவரையும் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் வீடு வேண்டும். ஆயினும் கல் பதிக்கும்போது கிணற்றடியிலும் வேலியோரத்திலும் இரண்டு அடி அகலத்துக்கு மண்ணை விடச் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாளை அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரிகளாகப் போகும் நீங்கள்தான், மாணவியரே.

விஞ்ஞானம் படிக்கும் மாணவியருக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். இந்த மாரியில் வளவின் ஒரு மூலையில் ஓரடிக்கு ஓரடி சதுரமாக நான்கு ஈர்க்கில் குத்தி, அதற்குள் கூட்ட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை எத்தனை முளைத்தன, என்ன முளைத்தன என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாதவற்றை மூத்தம்மாவிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த கீரைகளின் பெயர்களில் பாதி நமக்குத் தெரியாது. அவர் இருக்கும்போதே அவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். நாம் நடாத கன்றுக்கு அந்தக் கூலி உண்டா என்பதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் தானாக வந்த ஒன்றுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது காய்த்தால் அயலவருக்கும் கொடுத்து, மிச்சத்தை மைனாவுக்கு விடுவதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. அந்த மைனா எங்கே போய் எந்த வேலியில் உட்காரும் என்பது நமக்குத் தெரியாது. அங்கே யாரோ ஒரு பிள்ளை விளக்குமாற்றோடு வரும்போது, பிடுங்காதே என்று சொல்ல ஒரு மூத்தம்மா இருக்க வேண்டும்.